வேலையும் படிப்பும் சுமப்பவர்களுக்கு ஒரு வேதபாடக் குழு: கொழும்பு அனுபவத்திலிருந்து

கொழும்பில் முதுமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ படிப்பவர்களில் பெரும்பாலானோர் வேலைக்கும் போகிறவர்கள். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை அலுவலகம், சனி ஞாயிறு விரிவுரை. விசேட வைத்திய நிபுணர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு அந்த ஒழுங்குகூட இல்லை. இரவுக் கடமை எந்தக் கிழமையில் விழும் என்பது அட்டவணை கைக்கு வந்த பிறகுதான் தெரியும். இளமாணிக் காலத்தில் இவர்களுக்குக் கம்பஸ் ஐக்கியம் இருந்தது. பல்கலைக்கழகக் கிறிஸ்தவ மாணவர் அமைப்பான ஃபோகஸின் கூட்டமோ கத்தோலிக்க மாணவர் ஒன்றியமோ, விரிவுரை முடிந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்தது. பட்டமளிப்போடு அது விட்டுப்போகிறது. சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் போனால் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள். குடும்பக் கூட்டத்துக்குப் போனால் குழந்தை வளர்ப்பு பற்றிய பேச்சு. 26 முதல் 35 வயது வரையானவர்கள், அதிலும் ஆய்வேடு முடியாமல் திண்டாடுகிறவர்கள், இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

இவர்களுக்கென்று ஒரு சிறு குழு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தொடங்கும் குழுக்களில் பல ஒரு செமஸ்டர் தாண்டுவதில்லை. கம்பஸில் நடந்த அதே பாணியில், எல்லோரும் வீட்டில் தயாரித்துக்கொண்டு வரவேண்டும், முழு அதிகாரமும் வாசித்திருக்கவேண்டும், வெள்ளிக்கிழமை தவறாமல் வரவேண்டும் என்று தொடங்குவார்கள். மூன்றாம் வாரம் வாசிக்காமல் வந்தவர் வெட்கப்படுவார். நான்காம் வாரம் அவர் வரமாட்டார்.

ஆகவே நாங்கள் எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கும் விதி இது: முன்கூட்டி எதையும் வாசிக்காமல், களைத்துப்போய், இருபது நிமிடம் பிந்தி வந்தவர்கூட அன்றைய பகுதியில் முழுமையாகப் பங்குபெற முடியவேண்டும். நாள், இடம், தாள், கேள்வி, ஜெபம் எல்லாவற்றையும் இந்த விதிக்கு ஏற்றபடி அமைத்தால் குழு நிலைக்கும்.

நாளும் இடமும்

வெள்ளி மாலை வசதியாகத் தோன்றும், ஆனால் சரிவராது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் வெள்ளி இரவு பஸ் பிடிப்பார்கள். சனி, ஞாயிறு விரிவுரை. செவ்வாய் அல்லது புதன் மாலை 6.45க்குத் தொடங்கி 8.15க்கு முடிப்பது பொருத்தம். இந்த 8.15 கண்டிப்பானது. பெண்கள் தங்கும் போர்டிங்குகளில் வாசல் கதவு பூட்டும் நேரம் பெரும்பாலும் எட்டரை, ஒன்பது. அதற்குப் பிறகு பஸ்ஸும் குறைந்துவிடும். "இன்னும் ஒரு ஜெபம்" என்று 8.40 வரை இழுத்தால், அடுத்த வாரம் வராமல் இருப்பது பெண் பிள்ளைகள்தான், அதற்கான காரணத்தையும் சொல்லமாட்டார்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது வரைபடத்தைவிட பஸ் பாதையைப் பாருங்கள். கட்டுபெத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வருகிறவர்களுக்குக் காலி வீதி, 100, 101 பஸ். மகரகம, நுகேகொடைப் பக்கத்தவர்களுக்கு 138. அது ஹைலெவல் வீதியால் வந்து ஹெவ்லொக் வீதி வழியாகப் போகும். எனவே காலி வீதிக்கும் ஹெவ்லொக் வீதிக்கும் இடையில், வெள்ளவத்தையில் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கமோ பம்பலப்பிட்டியில் டிக்மன்ஸ் வீதிப் பக்கமோ ஒரு வீடு கிடைத்தால் இரு பக்கத்தவர்களும் இறங்கி நடந்துவரலாம். கோட்டையில் வேலை செய்பவர்கள் கரையோர ரயிலில் வருவது நல்லது. மாலை நெரிசலில் பஸ்ஸைவிட அது நேரத்துக்கு வந்துசேரும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தவர்களை வெள்ளவத்தைக்கு வரவழைப்பது நடக்காத காரியம். அங்கே மூன்று பேர் சேர்ந்தால் தனிக் குழு தொடங்கிவிடுங்கள்.

மணமான தம்பதியினர் ஒருவரின் வீடுதான் முதல் தெரிவு. அடுத்தது ஆலயத்தின் பக்க அறை. போர்டிங் அறை வேண்டாம், வீட்டுக்காரருடன் மனக்கசப்பு வரும். பல்கலைக்கழக அறைக்கு அனுமதி வேண்டும், வேறு கம்பஸ்காரர்கள் மாலையில் உள்ளே வரமுடியாது. தொடர்மாடி வீடென்றால் வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் காவலாளியிடம் முன்கூட்டிக் கொடுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர், பையோடு மாலையில் வந்துசேரும் ஏழெட்டுப் பேரைக் காவலாளி நிறுத்தி விசாரிப்பது நியாயமானதே. சப்பாத்துகளை நடைபாதையில் பரப்பாமல் உள்ளே எடுத்துவைக்கவேண்டும். பாட்டு ஒன்று போதும், கைதட்டு இல்லாமல். பக்கத்து வீட்டாருக்கு இது என்ன கூட்டம் என்று வீட்டுக்காரர் நேரே போய்ச் சொல்லிவைத்தால் பிறகு வரும் சிக்கல்களில் பாதி வராது.

முதல் பத்து நிமிடம் தேநீர். வருகிறவர்கள் அலுவலகத்திலிருந்து நேரே வருகிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். பசித்தவரின் கண் தாளில் நிற்காது. மாலுபாணோ ரோல்ஸோ ஆளுக்கு ஒன்று, பிளேன்டீ, அவ்வளவுதான். சமைத்துப் பரிமாற ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்காரர் அதைவிட ஒரு படி மேலே போகவேண்டும் என்று நினைப்பார், இரண்டு மாதத்தில் வீடு கொடுக்க ஆளிருக்காது. செலவைப் பங்குபோடுங்கள். காணிக்கைத் தட்டு வேண்டாம், அது சபைக்குரியது.

எத்தனை பேர்

பெயர்கொடுத்தவர்கள் எட்டுப் பேர், வருகிறவர்கள் ஆறேழு பேர் என்பது நல்ல அளவு. ஆராய்ச்சிக்கு 45 நிமிடம் உண்டு. ஏழு பேர் இருந்தால் ஒருவருக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் வரும். பன்னிரண்டு பேர் என்றால் நான்கு நிமிடம்கூட வராது. அப்போது வாய்வல்லவர்கள் மூவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தொடர்ந்து பத்துப் பேர் வந்தால் குழுவைப் பிரித்துவிடுங்கள், பஸ் பாதையின்படி பிரியுங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று சபையின்படி பிரிப்பது எளிது. ஆனால் அதோடு, வெவ்வேறு சபையினர் ஒரே பகுதியை ஒன்றாக வாசிக்கும் அரிய வாய்ப்பு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மேற்பார்வையாளரும் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவரும் ஒரே குழுவில் இருக்கக்கூடாது. விரிவுரையாளர் எவ்வளவு தாழ்மையுள்ளவராக இருந்தாலும், தன் ஆய்வேட்டுக்குப் புள்ளியிடப்போகிறவர் முன்னால் "எனக்கு இந்த ஆய்வில் நம்பிக்கை போய்விட்டது" என்று எவரும் சொல்லமாட்டார். அதேபோல குழுவுக்குள் "டொக்டர்", "சேர்" என்ற விளிப்பு வேண்டாம். வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, ஒத்த வயதென்றால் பெயர். முதல் மாலையிலேயே இதை வீட்டுக்காரர் சொல்லிவைத்தால் போதும்.

தாள்

முன்தயாரிப்பு இல்லாமல் பங்குபெற வைப்பது இந்தத் தாள்தான். அன்றைய வேதப்பகுதியை ஏ4 தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். அதிகார எண், வசன எண், உபதலைப்பு எதுவும் இருக்கக்கூடாது. அதற்குப் பதிலாக ஐந்து வரிக்கு ஒருமுறை இடப்பக்கம் வரி எண் இடவேண்டும். எழுத்து 13 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை, வலப்பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம். மூன்று நிறப் பென்சில்: ஒன்று ஆட்களுக்கு, ஒன்று திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு, ஒன்று "ஆனாலும்", "ஆகையால்", "அப்பொழுது" போன்ற இணைப்புச் சொற்களுக்கு.

வசன எண்ணை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு பாடசாலையில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாட வசனங்கள் நிறையத் தெரியும். எண்ணைக் கண்டவுடன் பழைய பிரசங்கம் நினைவுக்கு வரும், பதிலும் அங்கிருந்தே வரும். எண் இல்லாத தாளில் அதே பகுதி ஒரு கதையாகவோ ஒரு கடிதமாகவோ கண்ணுக்குத் தெரிகிறது. பிந்தி வந்தவரும் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டுப் பேச்சில் சேர்ந்துகொள்வார்.

தாளின் மறுபக்கத்தில் ஆங்கிலத்தை அச்சிடுங்கள். கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்தவர்கள் சிலருக்குத் தமிழ் வாசிப்பு தட்டுத்தடுமாறும், அதை வெளியில் காட்டிக்கொள்ளமாட்டார்கள். சிங்கள நண்பர் ஒருவர் வந்தால் அவருக்குச் சிங்களப் பிரதி தனியே வையுங்கள். கத்தோலிக்க நண்பர்கள் கொண்டுவரும் 1995 பொது மொழிபெயர்ப்பில் சங்கீதம் திருப்பாடல்கள் என்றும், பிரசங்கி சபை உரையாளர் என்றும், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள் என்றும் இருக்கும். தாள் இருந்தால் எவரும் நூலைத் தேடித் தடவவேண்டியதில்லை. ஒரு வசனம் விளங்காவிட்டால் அந்த மொழிபெயர்ப்பை ஒருவர் உரக்க வாசிப்பது பல நேரங்களில் விளக்கவுரையைவிட உதவும்.

அச்சிடும்போது கவனிக்கவேண்டியது: பழைய கோப்புகளில் வேதவசனங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறும். யுனிகோட் பிரதியிலிருந்து எடுத்து, பிடிஎஃப் ஆக்கிய பிறகே கடைக்கு அனுப்புங்கள். வேர்ட் கோப்பாக அனுப்பினால் கடைக் கணினியில் எழுத்துரு மாறி இரண்டு பக்கம் மூன்று பக்கமாகிவிடும்.

கைபேசியில் வாசித்தால் காகிதச் செலவு மிச்சம்தான். ஆனால் கையில் போன் இருந்தால் அலுவலகச் செய்தி வரும். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் விளக்கவுரையைத் திறந்து வாசிக்கத் தொடங்குவார், அத்துடன் மற்றவர்களின் வாய் மூடிவிடும். போன்கள் பையில் இருக்கட்டும். கடமை அழைப்பில் இருக்கும் வைத்தியருக்கு மட்டும் விதிவிலக்கு.

கேள்விகள்: ஒரு பகுதியைக் கிட்டப்போய்ப் பார்ப்பது

நல்ல கேள்விகள் ஆறு போதும். இரண்டு அல்லது மூன்று பகுதியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வைப்பவை, இரண்டு அதன் பொருளைத் தேட வைப்பவை, கடைசி ஒன்றோ இரண்டோ வாழ்க்கைக்குள் கொண்டுவருபவை. மாற்கு 4:35–41ஐ எடுத்துக்கொள்வோம். ஏழே வசனங்கள். 45 நிமிடத்துக்கு இது தாராளம்.

முதல் கேள்வி: "இந்தப் பயணத்தைத் தொடங்குகிறவர் யார், எந்த நேரத்தில்?" எல்லோரும் தாளைப் பார்ப்பார்கள். சாயங்காலம், "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று சொன்னவர் இயேசு. இரண்டாவது: "சீஷர்கள் அவரிடம் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்கவில்லை?" இங்கேதான் சற்று அமைதி வரும். காற்றை நிறுத்தும்படி அவர்கள் கேட்கவில்லை. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்றுதான் கேட்கிறார்கள். மூன்றாவது: "இந்தப் பகுதியில் பயம் எந்த எந்த வரிகளில் வருகிறது?" நிறப் பென்சில் வைத்திருப்பவர் கண்டுபிடிப்பார்: காற்று ஓய்ந்த பிறகு ஒன்று, "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்" என்று அவர் கேட்கும்போது; அதற்கும் பிறகு இன்னொன்று, "அவர்கள் மிகவும் பயந்து" என்று. கடல் கொந்தளிக்கும்போது "பயம்" என்ற சொல்லே இல்லை. நான்காவது கேள்வி தானாகவே வந்துவிடும்: மிகுந்த அமைதல் உண்டான பிறகு அவர்கள் மிகவும் பயப்படுவது ஏன்? இதற்குப் பத்து நிமிடம் விடுங்கள். "இவர் யாரோ?" என்ற கடைசி வரிக்கு எல்லோரும் தாங்களே வந்துசேர்வார்கள்.

ஐந்தாவது: "உமக்குக் கவலையில்லையா என்று தேவனிடம் கேட்கத் தோன்றிய இடம் எது, இந்த ஆண்டில்?" ஆறாவது: "அக்கரைக்குப் போகச் சொன்னவர் அவரே. நீங்கள் கீழ்ப்படிந்து வந்த வழியிலேயே புயல் வந்தால், அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?" மேற்பார்வையாளர் மூன்றாம் முறையும் திருப்பியனுப்பிய அத்தியாயம், புலமைப்பரிசில் நின்றுபோன கவலை, அப்பாவின் சத்திரசிகிச்சை எல்லாம் இந்த இடத்தில் வெளியே வரும். முதல் நான்கு கேள்விகளை அவசரப்பட்டுத் தாண்டியிருந்தால் வந்திராது.

முதல் கேள்வியிலேயே "இது நம் வாழ்க்கைப் புயலைக் குறிக்கிறது" என்று ஒருவர் பிரசங்கத்துக்குத் தாவுவார். படித்தவர்கள் கூடும் இடத்தில் இது கட்டாயம் நடக்கும்; விரிவுரை கேட்டும் கொடுத்தும் பழகியவர்கள். தலைவரிடம் இதற்கு ஒரே ஒரு வாக்கியம் இருந்தால் போதும்: "அது எந்த வரியில் இருக்கிறது?" அன்பான குரலில், எல்லோரிடமும், எப்போதும். நான்கைந்து வாரத்தில் ஒருவரையொருவர் அவர்களே அப்படிக் கேட்கத் தொடங்குவார்கள். அன்றைக்குத்தான் குழு உண்மையில் உருவாகிறது.

"இயேசு வல்லமையுள்ளவரா?" போன்ற ஆம்-இல்லைக் கேள்விகளைத் தவிருங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அமைதியைத் தாங்கமுடியாமல் தலைவரே பதில் சொன்னால், அன்று முழுக்க அவரேதான் பதில் சொல்லவேண்டிவரும். இறையியல் படித்தவர் குழுவில் இருந்தால் அது நல்ல கொடை. அவர் கடைசியாகப் பேசட்டும், பின்னணி மட்டும், இரண்டு நிமிடம்.

பரிணாமம், ஆதியாகமம் முதலாம் அதிகாரம், ஞானஸ்நானத்தின் வயது, அந்நியபாஷை, மரியாள் வணக்கம்: இவற்றில் ஏதாவது ஒன்று எப்படியும் தலைகாட்டும். நல்ல கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது, அன்றைய பகுதியை அது விழுங்கிவிடவும் விடக்கூடாது. தனித் தாளொன்றில் கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை அவற்றுக்கென்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். எழுதிவைத்துவிட்டு மறந்துபோனால், கேட்டவர் அடுத்தமுறை உங்களிடம் கேட்கமாட்டார். உயிரியல் படித்த ஒருவரின் நேர்மையான சந்தேகத்துக்கு நேர்மையான ஒரு மாலையைக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

எந்த நூல்

தொடக்கத்துக்கு யோனா அல்லது ரூத். இரண்டும் நான்கு அதிகாரம், நான்கு வாரம். ஒரு மாதம் மட்டும் வந்து பார்க்கலாம் என்று வருகிறவரும் ஒரு நூலை முழுதாக முடித்த நிறைவோடு போவார். அடுத்தது பிலிப்பியர், நான்கு அதிகாரம்தான், ஆனால் எட்டு வாரம் கொடுக்கலாம். பிறகு மாற்கு, பேதுருவின் அறிக்கை வரை, அதாவது 8:30 வரை, ஒரு செமஸ்டர், மீதி அடுத்த செமஸ்டர். ரோமரையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் முதலில் எடுக்கவேண்டாம். ரோமர் 9க்கு வரும்போது முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்பது பற்றிய விவாதத்தில் குழு மாட்டிக்கொள்ளும்.

இந்த மாணவர்களுக்கென்றே எழுதியதுபோன்ற பகுதிகள் சில உண்டு. தானியேல் முதலாம் அதிகாரம், வேற்று அரசின் செலவில் மூன்று வருடம் கல்வி பெற்ற இளைஞர்களைப் பற்றியது. புலமைப்பரிசிலில் வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்கள் இதை வேறு கண்ணோடு வாசிப்பார்கள். "அதிக படிப்பு உடலுக்கு இளைப்பு" என்று பிரசங்கி 12:12 சொல்வதை ஆய்வேடு எழுதும் மாதத்தில் வாசித்துப் பாருங்கள்.

நீதிமொழிகள் 11:1க்கு ஒரு முழு மாலை தகும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." சந்தை வியாபாரியைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துபோகாமல், நம் தராசுகளை மேசையில் வைக்கவேண்டும்: வராதவருக்காக வரவுப் பதிவில் கையெழுத்திடுவது, காசு கொடுத்து ஒப்படை எழுதுவிப்பது, பொருந்தாத தரவைக் கழற்றிவிடுவது, உழைக்காதவர் பெயரை ஆய்வுக்கட்டுரையில் சேர்ப்பது. இந்த நான்கில் ஒன்றாவது குழுவில் ஒவ்வொருவரையும் தொடும். வேதபாடம் அலுவலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் போகாவிட்டால் வாரத்தில் ஒன்றரை மணித்தியாலத்தை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஜெபமும் நம்பிக்கையும்

வட்டமாக இருந்து எல்லோரும் ஜெபக் குறிப்புச் சொன்னால் குறிப்புச் சொல்ல இருபது நிமிடம் போகும், ஜெபிக்க மூன்று நிமிடம் மிஞ்சும். 7.50க்கு இரண்டிரண்டு பேராகவோ மூன்று பேராகவோ பிரியுங்கள், ஆண்கள் தனியே, பெண்கள் தனியே. ஒருவர் ஒரு காரியம், அதுவும் திகதியோடு: "வியாழன் மேற்பார்வையாளரைச் சந்திக்கிறேன்", "பதினெட்டாம் திகதி விசா நேர்முகம்". திகதி இருந்தால் அடுத்த வாரம் "என்ன நடந்தது?" என்று கேட்கமுடியும். அப்படி ஒருவர் ஞாபகம் வைத்துக் கேட்பதுதான் பலரைத் திரும்ப வரவைக்கிறது. ஜெபம் அவரவருக்கு வரும் மொழியில் இருக்கட்டும்.

ஜெபக் குறிப்புகளை வட்ஸ்அப்பில் எழுதவேண்டாம். கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் சின்னது. வெள்ளவத்தையில் இரவு சொன்னது விடியுமுன் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் காதுக்குப் போய்விடும், "ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்" என்ற விளக்கத்தோடு. குழுவின் வட்ஸ்அப்பில் இடம், நேரம், தாள் மட்டும். ஒருவரின் திருமண முறிவோ கடனோ நோயோ அவர் அனுமதியில்லாமல் போதகரிடம்கூடப் போகக்கூடாது. இந்த வயதில் திருமணப் பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் அழுத்திக்கொண்டிருக்கும். குழுவும் பெண் பார்க்கும், மாப்பிள்ளை பார்க்கும் இடமாக மாறினால் மணமாகாதவர்களுக்குத் தப்பிக்க இடமில்லாமற்போகும். வீடு கொடுக்கும் அன்ரிமாரிடம் இதை மரியாதையோடு முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

இரகசியத்துக்கு ஒரு எல்லை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் வாயில் வந்தால் ஜெபித்துவிட்டு அனுப்பிவிடக்கூடாது. அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குகிறது. மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் சுமித்ரயோ அமைப்பிலும் பேசலாம். மறுநாள் வைத்தியரிடம் கூடப் போங்கள். நித்திரையின்மை, ஆய்வில் தேக்கம், வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணம் மூன்றும் சேரும்போது விசுவாசமுள்ளவரும் உடைந்துபோவார். அதை விசுவாசக் குறைவு என்று சொல்வது கொடுமை.

சபை, பரீட்சை, போயா

ஞாயிறு விரிவுரையால் ஆராதனையைத் தவறவிடும் மாணவர்கள் இந்தக் குழுவையே சபையாக்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். இடம் கொடுக்காதீர்கள். குழுவில் முதியவர்களோ குழந்தைகளோ இல்லை, திருவிருந்து இல்லை, மேய்ப்பரும் இல்லை. கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலி உண்டு. மற்றவர்கள் அதிகாலை ஆராதனையுள்ள ஆலயத்தைத் தேடிக்கொள்ளலாம். புதிதாகக் கொழும்புக்கு வந்தவரை முதல் மாதத்திலேயே ஒருவர் தன்னோடு ஆலயத்துக்குக் கூட்டிப்போகவேண்டும்.

இந்து நண்பரோ பௌத்த நண்பரோ வர விரும்பினால், இது வேதாகமம் வாசித்து ஜெபிக்கும் கூட்டம் என்று அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். வந்தவரிடமும் அதே தாளைக் கொடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள். பகுதியை முதன்முறை வாசிப்பவர் நாம் காணாததைக் காண்பார். அவரைக் குறிவைத்து ஜெபிப்பது, பரிசு கொடுப்பது, தனியே அழைத்து வற்புறுத்துவது எதுவும் கூடாது. நட்பையும் அது கெடுக்கும், மத மாற்றம் பற்றி இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்தையும் வளர்க்கும்.

பரீட்சை மாதத்தில் கூட்டத்தை நிறுத்தவேண்டாம், சுருக்குங்கள்: இரவு 9 மணிக்கு சூமில் அரை மணித்தியாலம், ஒரு சங்கீதம், ஜெபம். 2022இல் எரிபொருள் இல்லாமல், அதைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்த காலத்தில், பல குழுக்களை உயிரோடு வைத்திருந்தது இந்த வடிவம்தான். ஆனால் ஆறு பேர் அறையிலும் இருவர் திரையிலும் என்ற கலப்பு சரிவராது. திரையில் இருப்பவர்களுக்குப் பாதி கேட்காது, அவர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். எல்லோரும் அறையில், அல்லது எல்லோரும் திரையில்.

பௌர்ணமி நாளான போயா தினம் நமக்கு மாதந்தோறும் கிடைக்கும் விடுமுறை. மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு போயாவை ஒதுக்கிக் காலை 8.30 முதல் 3 மணி வரை ஒரு நூலை ஒரே இருப்பில் வாசிக்கலாம். வெசாக் போயாவைத் தவிருங்கள், பந்தலும் வெளிச்சக்கூடும் பார்க்க வரும் சனத்தில் வீடு திரும்ப முடியாது. போயாவன்று இறைச்சிக் கடைகள் பூட்டு, ஆகவே மத்தியானத்துக்கு மரக்கறிச் சோற்றுப் பார்சல் என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். ஏப்ரல் புத்தாண்டு வாரத்திலும் கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம் வரையும் கூட்டம் வைப்பதில் பயனில்லை, கொழும்பில் ஆளிருக்காது.

கைமாற்றம்

இந்தக் குழுக்களில் எவரும் நெடுநாள் இருப்பதில்லை. முதுமாணி முடிந்ததும் சிலர் ஊருக்கு, சிலர் அவுஸ்திரேலியாவுக்கு, கனடாவுக்கு. தலைவரும் அப்படித்தான். எனவே தொடக்கத்திலிருந்தே இருவர் தலைவர்களாக இருக்கட்டும், முடிந்தால் ஒருவர் ஆண், ஒருவர் பெண். மூன்றாவது ஒருவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறை நடத்தட்டும். அவர் நடத்தும் நாளில் மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். இது சொல்வதற்கு எளிது. முடிந்த பிறகு தேநீர் குடித்தபடி ஒரே ஒரு நல்லதையும் ஒரே ஒரு திருத்தத்தையும் சொல்லுங்கள்.

போகிறவர் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவை: தாள்களின் யுனிகோட் கோப்புகள், ஒவ்வொரு பகுதிக்கும் கேட்ட ஆறு கேள்விகளும் அவற்றில் எது எடுபடவில்லை என்ற குறிப்பும், இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளின் தாள், வீட்டுக்காரருடைய வசதிகளும் அசௌகரியங்களும், காவலாளியின் பெயர். ஜெபக் குறிப்புப் புத்தகத்தைக் கொடுக்கவேண்டாம். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, அதிலிருந்தவர்களிடம் தனித்தனியே விடைபெறுங்கள்.